ரூ ஸ்ரோக் காலமும் ஒரு சாக்சனிப் பட்டறையும்

யாழ்ப்பாணத்தில் 1980களில் இளைஞராக இருந்த எவரிடமும் ‘ரூ ஸ்ரோக்’ என்று சொல்லிப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய முகத்திலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். தமிழகத்தார் இதை ‘டூ ஸ்ட்ரோக்’ என்று எழுதுவர். எங்கள் பாடநூல்கள் ‘ஈரடிப்பு எஞ்சின்’ என்றன. கராஜ்காரர் எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது ரூ ஸ்ரோக்தான். நீலப் புகை, எரிந்த ஒயில் மணம், ஒழுங்கையின் முனையிலேயே வருபவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் அந்தக் கீச்சிட்ட சத்தம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. யப்பானிலிருந்து வந்தது என்பதே எங்களுக்குப் போதுமான விடையாக இருந்தது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர், கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கத்தில் இதையும் தேடிப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த வேகத்துக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு என்பது. அதை உருவாக்கிய மனிதர் ஒருவரும் அதைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டிய மனிதர் ஒருவரும் உண்டு. எங்களுக்கு வந்து சேர்ந்த வேகத்தின் பின்னால் ஒரு சுவரும், ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்திருந்த குடும்பமும் இருந்தன. இக்கதையை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணத்தை இறுதியில் நீங்களே உணர்வீர்கள்.

முதலில் எங்கள் ஊர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் மதிப்புக்குரிய மோட்டார் சைக்கிள் என்றால் அது ஹொண்டாதான். ‘பிப்ரி’, ‘செவன்ரி’, ‘நைன்ரி’ என்று அவற்றின் கொள்ளளவே பெயராகிவிட்டது. ஆசிரியர், தபாலதிபர், கிராமசேவகர், கல்யாணத் தரகர் எல்லோரும் அதில் போனார்கள். அவை நாலடிப்பு எஞ்சின்கள். அவற்றின் சத்தத்தில் ஓர் அடக்கம் இருந்தது. பெற்றோலைக் கணக்குப் பார்த்துக் குடித்தன. பெண் கொடுக்கத் தயங்கமாட்டார்கள்.

ரூ ஸ்ரோக் வேறு சாதி. சுசுகி, யமஹா, கவசாகி என்று வந்தவை. அவற்றின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் முப்பதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். எங்கள் பக்கத்தில் பந்தயப் பாதை என்று எதுவும் இருக்கவில்லை. வல்லை வெளிதான் இருந்தது. பருத்தித்துறை வீதியில் ஆவரங்கால், அச்சுவேலிப் பக்கம் கடந்ததும் வீடுகள் மறைந்து, இருபுறமும் வெட்டையும் நீரும் காற்றும் மட்டுமாகிவிடும். எதிர்க்காற்றில் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளும் அவ்விடத்தில்தான் நாங்கள் வேகமானியின் முள்ளைப் பார்த்தோம். 90ஐத் தாண்டினால் மறுநாள் சந்திக் கடையில் அது 110 ஆகிவிடும்.

நான் ஓடியது பெரியம்மாவின் மகனுடைய சுசுகி ஜி.பி.100. அண்ணா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் பெரியம்மாவின் சங்கிலியை அடகு வைத்தும் வாங்கிய வண்டி. நூறு சீசீக்குச் சற்றுக் குறைந்த கொள்ளளவு, ஒரேயொரு சிலிண்டர். முதல் இரண்டு கியரிலும் அது ஒரு சாதுவான பிராணி போலவே போகும். எஞ்சினின் சுழற்சி ஓர் அளவைத் தாண்டியதும் சத்தம் மாறும். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல வண்டி பாயும். பின்னால் இருப்பவர் பிடியை இறுக்குவார். “இப்ப ஏறுது” என்போம். ஏன் ஏறுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்வது கடினமன்று. நாலடிப்பு எஞ்சினில் பிஸ்ரன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால்தான் ஒரு வெடிப்பு. காற்றும் பெற்றோலும் உள்ளே வரவும், எரிந்த புகை வெளியே போகவும் வால்வுகள் வேண்டும். அவற்றைத் திறந்து மூட வேறு பொறிகள் வேண்டும். ரூ ஸ்ரோக்கில் பிஸ்ரன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. சிலிண்டர்ச் சுவரில் வெட்டிய துவாரங்களை பிஸ்ரனே மூடித் திறக்கும். இந்த எளிய வடிவத்துக்கு 1891இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே. பெரும் செல்வம் சேர்த்திருக்க வேண்டிய அவர், 1946இல் மறக்கப்பட்ட மனிதராக இறந்தார். ரூ ஸ்ரோக்கின் வரலாற்றில் கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த கூலி தொடக்கத்திலிருந்தே இப்படித்தான்.

இந்த எளிமையே அதன் பலம். பாகங்கள் குறைவு, எடை குறைவு, விலை குறைவு. எங்கள் ஊர்க் கராஜில் ஒரு மாமரத்தின் கீழ் சாக்கை விரித்து, அரை நாளில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிவிடுவார்கள். அதன் பலவீனமும் அங்கேயே இருந்தது. புதிய கலவை உள்ளே வரும் நேரத்தில் புகை வெளியேறும் துவாரமும் திறந்தே இருக்கும். ஆகவே எரியாத பெற்றோலில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். கீழறைக்குத் தனியான ஒயில் கிடங்கு கிடையாது. பெற்றோலோடு கலந்து போகும் ஒயிலே பாகங்களை நனைத்துவிட்டுத் தானும் எரியும். நீலப் புகை அதுதான். இந்த இரண்டு குறைகளில் முதலாவதை வேகமாக மாற்றியவர்தான் நமது கதாநாயகர்.

ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்தில் சோப்பாவு என்று ஒரு சிற்றூர். மலையடிவாரம், ஓர் ஆறு, ஒரு பழைய கோட்டை. டென்மார்க்கிலிருந்து வந்த யோர்கன் ராஸ்முசன் என்பவர் அங்கே தொடங்கிய தொழிற்சாலையே டி.கே.டபிள்யூ. முதலில் நீராவிக் கார் செய்யப் பார்த்தார்கள்; பெயரின் எழுத்துகளே அதைத்தான் குறித்தன. அது கைகூடவில்லை. 1919இல் விளையாட்டுப் பொருளாக ஒரு குட்டி ரூ ஸ்ரோக் எஞ்சினைச் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அதுவே சைக்கிளிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் ஏறியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையாக டி.கே.டபிள்யூ வளர்ந்திருந்தது. 1932இல் அவுடி, ஹோர்ஷ், வாண்டரர் ஆகியவற்றோடு இணைந்தது. இன்றைய அவுடிக் காரின் முகப்பிலுள்ள நான்கு வளையங்களில் ஒன்று இந்தச் சிற்றூருக்குரியது.

1939இல் அங்கே ஆர்.டி.125 என்ற மாதிரி வெளிவந்தது. ஹெர்மன் வெபர் என்ற பொறியியலாளர் வரைந்தது. போரில் ஜேர்மனி தோற்றதும் வென்றவர்கள் அந்த வரைபடத்தைத் தமதாக்கிக்கொண்டனர். சோவியத் ஒன்றியம் மொஸ்க்வா என்றும், அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் ஒரு 125 என்றும், இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. பான்ரம் என்றும் அதையே செய்தார்கள். பிரித்தானியத் தபாற்காரர் தந்தி கொண்டு ஓடிய பான்ரமும், மொஸ்கோ வீதியில் ஓடியதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1955இல் யப்பானில் பியானோவும் ஆர்மோனியமும் செய்துவந்த நிறுவனமொன்று தனது முதலாவது மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அதுவும் ஆர்.டி.125இன் வழி வந்ததே. சிவப்பு நிறமாக இருந்ததால் யப்பானியர் அதைச் செந்தும்பி என்றார்கள். அந்த நிறுவனம்தான் யமஹா.

போருக்குப் பின் சோப்பாவு சோவியத் படைகளின் பகுதிக்குள் அகப்பட்டுக் கிழக்கு ஜேர்மனியாயிற்று. தொழிற்சாலை நாளடைவில் எம்.சட். என்ற பெயரைப் பெற்றது. அங்கே பந்தயப் பிரிவைப் பொறுப்பேற்றவர் வால்ரர் காடன். 1919இல் அதே மலைப்பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் நூர்பேர்க்ரிங் பந்தயப் பாதையின் திறப்பு விழாவைப் பார்த்ததிலிருந்து எஞ்சின் பித்துப் பிடித்தவர் என்பார்கள். போர்க்காலத்தில் ஆயுதத் தொழில்நுட்பத்தில் பணிபுரிந்து, பின் ஊர் திரும்பிக் கூரைக்கு மரச்சட்டம் செய்து பிழைத்தார். ஓய்வு நேரத்தில் பழைய ஆர்.டி.125 ஒன்றைப் பந்தயத்துக்குத் தயார் செய்ய, தொழிற்சாலையின் கண் அவர்மீது விழுந்தது.

காடன் செய்தது என்ன? புகை வெளியேறும் துவாரம் திறந்ததும் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. அலை என்றால் ஒலிதான். குழாய் அகலும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, புதிய கலவையை இழுத்துக்கொள்ள உதவுகிறது. குழாய் மீண்டும் ஒடுங்கும் இடத்தில் அழுத்தும் அலையாகத் திரும்பி, வெளியே ஓடிவந்துவிட்ட கலவையைத் துவாரம் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. வால்வு செய்ய வேண்டிய வேலையை வெறும் சத்தம் செய்கிறது! நாதசுரக்காரர் காற்றை அளந்து துளையைத் திறந்து மூடுவது போல, குழாயின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எஞ்சினை இசைய வைத்தார் காடன். இந்த எண்ணம் அவருக்கு முன்னும் சிலருக்கு இருந்தது. அதை அலைகாட்டிக் கருவி வைத்து அளந்து, பிழைபட்டதைத் திருத்தி, ஒரு விஞ்ஞானமாக்கியவர் அவரே. இதனோடு டானியல் சிம்மர்மன் என்பவர் உருவாக்கிய சுழலும் தகடு ஒன்றையும் கலவை உள்ளே வரும் வழியில் பொருத்தினார்.

விளைவு 1961இல் தெரிந்தது. அவருடைய 125 சீசீ எஞ்சின் நிமிடத்துக்கு 10,800 சுற்றில் 25 குதிரைவலுவைத் தந்தது. அதாவது ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு 200 குதிரைவலு. மேலதிகமாகக் காற்றை அமுக்கி ஊட்டாத எந்த எஞ்சினும் அதுவரை எட்டாத கணக்கு. கோடி கொட்டிய ஹொண்டாவின் எஞ்சின்களுக்கு எதிரே, நல்ல உலோகத்துக்கும் உதிரிப் பாகத்துக்கும் அலைந்த ஒரு சிறு பட்டறை செய்த காரியம் அது.

வல்லை வெளியில் எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது எது என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். திரும்பி வரும் அலையும் பிஸ்ரனின் ஓட்டமும் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில்தான் இசையும். அந்த இசைவு வந்த கணத்தைத்தான் “இப்ப ஏறுது” என்றோம்.

அந்த 1961இல் எம்.சட்.டின் முதன்மை ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர். அவரே ஒரு கைதேர்ந்த பொறியியலாளர்; காடனின் எஞ்சினை உள்ளும் புறமும் அறிந்தவர். 125 சீசீ உலகப் பட்டம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓகஸ்ட் 13ஆம் திகதி பெர்லினில் சுவர் எழத் தொடங்கியது. ஐந்து வாரம் கழித்து, செப்ரெம்பர் 17ஆம் திகதி சுவீடனின் கிறிஸ்டியன்ஸ்ராட்டில் பந்தயம். அந்த நாட்களிலேயே அவருடைய மனைவியும் இரு சிறு மகன்மாரும் ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளித்துக் கிழக்கு ஜேர்மனியிலிருந்து மேற்குக்குக் கடத்தப்பட்டார்கள். பந்தயத்தில் டெக்னரின் எஞ்சின் நின்றது. அவர் அணியோடு திரும்பவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜேர்மனிக்குப் போய்க் குடும்பத்தைச் சேர்ந்தார். எஞ்சின் பாகங்களையும் வரைபடங்களையும் எடுத்துச் சென்றார் என்று சொல்லப்படுவதுண்டு. தலைக்குள் இருந்ததை எந்தச் சோதனைச் சாவடியும் பறித்திருக்க முடியாது. ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் அவர் ஓட முடியாமற்போக, பட்டம் ஹொண்டாவின் ரொம் பிலிசுக்குப் போயிற்று.

சில வாரங்களில் டெக்னர் யப்பானின் ஹமமற்சு நகரில் சுசுகியின் பட்டறையில் இருந்தார். அதற்கு முந்திய கோடையில் மான் தீவுப் பந்தயத்தில் சுசுகியின் வண்டிகள் பரிதாபமாகப் பின்தங்கியிருந்தன. 1962இல் அதே சுசுகி 50 சீசீ உலகப் பட்டத்தை வென்றது. ஓட்டியவர் டெக்னர். ஒரு ரூ ஸ்ரோக் எஞ்சின் வென்ற முதலாவது உலகப் பட்டம் அது. 1963இல் சுசுகி 50இலும் 125இலும் வென்றது. 1964இல் யமஹா 250இல் வென்றது. 1975 முதல் 2001 வரை, மிகப் பெரிய வகுப்பான 500 சீசீயில், ஓராண்டும் தவறாமல் ரூ ஸ்ரோக்கே வென்றது. ஒவ்வொரு வண்டியின் வயிற்றின் கீழும் வீங்கி ஒடுங்கிய அந்தக் குழாய் வளைந்து கிடந்தது. காடனின் எம்.சட். ஓர் உலகப் பட்டத்தையும் வெல்லவில்லை.

டெக்னரின் முடிவும் இன்பமானதன்று. 1962இல் யப்பானின் சுசுகா பாதையில் அவர் விழுந்த வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். மறு ஆண்டு அதே பாதையில் வண்டி தீப்பற்றிக் கடுமையாக எரிந்துபோனார். 1983இல் கனேரித் தீவொன்றில் ஐம்பத்தொரு வயதில் காலமானார்.

பந்தயத்தில் வென்றது வீதிக்கு வர அதிக காலம் எடுக்கவில்லை. 1964இல் யமஹா ஒயிலைத் தனித் தாங்கியிலிருந்து பம்பினால் ஊட்டும் முறையைக் கொண்டுவந்தது. பெற்றோல் நிலையத்தில் ஒயிலைக் கலந்து குலுக்கும் வேலை அதனால் ஒழிந்தது. 1969இல் கவசாகியின் மூன்று சிலிண்டர் 500 வந்தது, 60 குதிரைவலு. அதன் வேகத்துக்கு ஏற்ற சட்டமோ பிறேக்கோ அதற்கு இல்லை. அமெரிக்க இளைஞர் அதற்குச் சூட்டிய பட்டப்பெயர், கைம்பெண்களை உண்டாக்குவது என்ற பொருள்படும். 1973இல் யமஹாவின் ஆர்.டி.350 வந்தது. பத்தாண்டு கழித்து இந்தியாவில் எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் அதை ராஜ்தூத் 350 என்று விற்றது. பெற்றோல் குடிக்கும் வண்டி என்று அன்று ஒதுக்கியவர்கள் இன்று அதைத் தேடி அலைகிறார்கள்.

தமிழகத்தின் ஓசூரில் 1984இல் சுசுகியோடு கூட்டாக 100 சீசீ ரூ ஸ்ரோக் வெளிவந்தது. 1985இல் வந்தது யமஹா ஆர்.எக்ஸ்.100. 98 சீசீயில் 11 குதிரைவலு. அதே அளவான நாலடிப்பு எஞ்சின் ஏழு குதிரைவலு அளவுதான் தரும் காலம் அது. வண்டியின் எடையோ ஏறத்தாழ நூறு கிலோ. சென்னையில் எனக்குக் கிடைத்த நண்பர் ஒருவர் சொல்வார், “தம்பி, அது மோட்டார் சைக்கிள் இல்லை, முதல் மாசச் சம்பளம்” என்று. கார் வாங்கும் கனவுகூடக் காண முடியாத ஒரு தலைமுறைக்கு வேகம் என்ற ஒன்று கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது. ரூ ஸ்ரோக்கின் உண்மையான வரலாற்றுப் பங்கு இதுவே என்பது என் கருத்து. இத்தாலியிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் வேகம் அதுவரை பணக்காரரின் சொத்தாக இருந்தது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். 1983 ஜூலைக்குப் பின் யாழ்ப்பாணத்து இளைஞர் முன் இருந்த வழிகள் எவை என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1984இல் அண்ணா புறப்பட்டார். அன்று நம்மவர் பலர் போன வழி அது. மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்கு விமானம். அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லின். பெர்லின் முழுவதும் ஒரே நகரம் என்பது மேற்கின் கொள்கை. ஆகவே அந்தக் கோட்டில் மேற்குத் தரப்பு கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. கிழக்கு ஜேர்மனியோ இடைவழி விசாவைத் தாராளமாகக் கொடுத்தது. தன் சொந்தக் குடிகளைச் சுட்டு நிறுத்திய சுவர், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாசலாக இருந்தது. 1985இல் மேற்கு ஜேர்மனியின் நெருக்குதலால் தமிழருக்கு அந்த வழியும் ஒடுங்கியது.

புறப்படுமுன் அண்ணா திறப்பை என் கையில் தந்தார். “தம்பி, இதை வித்துப்போடாதை. அம்மாவைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போ” என்றார். பெரியம்மாவை நல்லூருக்கு ஏற்றிச் சென்ற நாட்களில் ஜி.பி.100 ஒருபோதும் ஏறவில்லை. அவர் என் தோளில் கை வைத்தபடி, “மெல்லப் போ ராசா, அவன் ஆமி பொலிஸ் இல்லாத ஊரிலை மெல்லத்தான் போவான்” என்பார். பல்கலைக்கழகத்துக்கும் அதில்தான் போனேன். முதல் செய்தி சேகரிக்கப் போனதும் அதில்தான்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பெற்றோல் தடை செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் பெற்றோலை உயிர்போலக் காத்து, சில துளி விட்டு உதைத்து எழுப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய். கராஜ்காரர் சிலிண்டர்த் தலையின் கீழ் மேலதிக கஸ்கட் வைத்து அமுக்கத்தைக் குறைத்துத் தந்தார். அதன் பிறகு ஜி.பி.100க்கு இருமலும் புகையும்தான் மிச்சம். சைலன்சரில் கரி அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டுவோம். குழாயில் கரி படிந்தால் அலை திரும்பாது. காடன் அளந்து வைத்த இசைவு அதில் செத்துப்போயிருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் எழுந்து நடந்தது. மழை. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே வீதியில். பெரியம்மாவை ஜி.பி.யின் இருக்கையில் அமர்த்தி, பின்னால் இரண்டு பைகளையும் ஒரு பானையையும் கட்டி, நான் கைபிடியைப் பிடிக்க என் தம்பி பின்னாலிருந்து தள்ளினான். எஞ்சினை எழுப்பவில்லை. எழுப்பினாலும் போக இடமில்லை. அரியாலையிலிருந்து செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் வரையான அந்தத் துண்டை, பெற்றோல் இருந்த காலத்தில் பத்து நிமிடத்துக்குள் கடந்திருக்கிறேன். அன்று பொழுது பட்டதிலிருந்து மறுநாள் விடியும்வரை எடுத்தது. பெரியம்மா இரவு முழுவதும் ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்டார். வீட்டைப் பூட்டினோமா என்று.

வண்டியை மீசாலையில் ஒரு தெரிந்தவர் வளவில் விட்டோம். பின்னொரு காலம் போய்ப் பார்த்தபோது எஞ்சின் இல்லை. சட்டத்தில் கோழி அடைந்திருந்தது.

ரூ ஸ்ரோக்கின் முடிவும் அக்காலத்தில்தான் நெருங்கியது. ஆர்.எக்ஸ்.100இன் உற்பத்தி 1996இல் நின்றது. ஜாவாவும் யெஸ்டியும் செய்த மைசூர்த் தொழிற்சாலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிக்கொண்டிருந்தன. எந்தத் துவாரம் திறந்திருந்ததால் வேகம் கிடைத்ததோ, அதே துவாரத்தால்தான் எரியாத பெற்றோல் காற்றில் கலந்தது. சாதாரண ரூ ஸ்ரோக்கில் நான்கில் ஒரு பங்கு எரிபொருள்வரை அப்படி வீணாகும். காடனின் அலை அதை மீட்டது உண்மை. ஆனால் இசைவு வரும் அந்தச் சுழற்சியில் மட்டுமே. சந்தி விளக்கில் நின்று உறுமும் ஆயிரம் வண்டிகளில் அலை யாருக்கும் உதவவில்லை. கொழும்பில் 1990களின் பிற்பகுதியில் ஓட்டோக்களின் பின்னால் நடந்து வேலைக்குப் போன எனக்கு அதை ஒருவர் விளக்கத் தேவையில்லை. இலங்கை 2008இல் ரூ ஸ்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியைத் தடை செய்தது. உலகப் பந்தயங்களிலும் 2002இல் பெரிய வகுப்பில் நாலடிப்பு எஞ்சின் வந்தது. 125 வகுப்பின் கடைசி ஆண்டான 2011உடன் ரூ ஸ்ரோக் முற்றாக விடைபெற்றது.

அது போனது நல்லதே. இளமையில் நமக்கு மணத்த புகை, வீதியோரத்தில் கடை போட்டிருந்தவரின் நெஞ்சில் போய்ப் படிந்தது. பழைய ஆர்.எக்ஸ்.100 ஒன்றை இன்று பெருவிலை கொடுத்து வாங்கி மினுக்கி வைத்திருப்பவர்களை நான் பகிடி பண்ணமாட்டேன். அந்தப் புகையை ஊருக்கு மீண்டும் வேண்டும் என்றும் கேட்கமாட்டேன்.

எனக்குள் இன்றும் தீராத வழக்கு வேறொன்று. டெக்னரை நான் எப்படித் தீர்ப்பிடுவது? மனைவி பிள்ளைகளைப் பின்பெட்டியில் படுக்கவைத்து எல்லை கடத்திய தகப்பன் அவர். நம் வீடுகளில் அப்படியொரு கதை இல்லாத வீடு எது? கையில் எதுவுமில்லாமல் ஓடுபவன் தனக்குத் தெரிந்த தொழிலைத்தானே விற்பான்! ஆனால் அவர் விற்றது இன்னொருவரின் பல்லாண்டு உழைப்பு. அந்த மனிதர் ஓடவில்லை. சோப்பாவுவிலேயே தங்கினார், அதே தொழிற்சாலையில் வேலை செய்தார். போனவரின் நிழல் தங்கியவர்மீது எப்படி விழும் என்பதை நாம் அறிவோம். தன் குழாயின் சத்தம் உலகமெங்கும் பிறர் பெயரில் ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவர் விழுந்ததைக் கண்டார். 1996 மார்ச்சில் எழுபத்தாறு வயதில் இறந்தார். போனவரின் கதை திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. தங்கியவரை எழுதுபவர் குறைவு. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜேர்மனி போனபோது அண்ணாவிடம் இக்கதையைச் சொன்னேன். நாற்பது வருடம் அந்த நாட்டில் இருந்தவர், அவ்வூரின் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டார். மறுநாளே காரில் கூட்டிப்போனார். கெம்னிற்ஸ் நகரத்துக்குத் தெற்கே, வில்டெக் கோட்டைக்குள் மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. டி.கே.டபிள்யூவும் எம்.சட்.டும் வரிசையாக நிற்கின்றன. அண்ணா ஒரு பழைய வண்டியின் முன் குனிந்து குழாயை நெடுநேரம் பார்த்தார். “எங்கடை ஜி.பி.யின்ரை பாட்டன்” என்றார். பிறகு பெரியம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன்.

ஜேர்மனியில் வாழும் வாசகர்கள் எவரேனும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், ஒரு மணி நேரத்தை அங்கே செலவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். உங்கள் தகப்பனோ மாமனோ வல்லை வெளியில் ஒருகாலம் பறந்திருப்பார். அவரைத் தள்ளிவிட்ட அலையை அளந்த மனிதர் அந்த ஊர்க்காரர் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.